மேகத்துக்கு எப்போ ஏறலாம்?

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது! பெயரை நம்பி ஏறிப் படுத்துத் தூங்கினால் ஈரோட்டில்தான் கண் விழிப்பீர்கள். சென்னையில் ராத்திரி கிளம்பி, விடிவதற்கு முன்பே உங்களைச் சேலம் ஜங்ஷனில் உதிர்த்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். அப்புறம் பஸ் ஸ்டாண்டு, மலை பஸ், முப்பது கிலோமீட்டர் என்று நீங்களாகத்தான் ஏறியாக வேண்டும்.

அடிவாரத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு வரைக்கும் உற்சாகமாக எண்ணுவோம். அதற்கு மேல் எண்ணுகிற நிலைமையில் வயிறு இருக்காது. எனக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்த புண்ணியவான் பன்னிரண்டாவது வளைவில் அதைத் திருப்பிக் கேட்டார். அவசரமாக.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. சுமார் 5,000 அடி உயரம். மலைக்குப் பெயர் சேர்வராயன். வெள்ளைக்காரர் வாயில் அது 'ஷெவராய்' ஆகிவிட்டது. 'ஏழைகளின் ஊட்டி' என்பார்கள். சனி, ஞாயிறு ஓட்டல் வாடகையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அந்தப் பெயரின் அர்த்தம் புரியும். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்று இடங்களில் நின்று பள்ளத்தாக்கை ரசிக்கலாம். (பஸ்ஸில்தான் சீட் கிடையாது.) 

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். ஆக, இருநூறு வருஷக் காபி. சில்வர் ஓக் மரம் நிழல் தரும். அதைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி ஏறும். அடியில் காபிச் செடி. ஒரே மனையில் மூன்று குடித்தனம். அபார்ட்மென்ட் கட்டுகிறவர்களுக்கெல்லாம் முன்னோடி!

இந்த ஊரின் இன்னொரு விசேஷம், மேகம். சமவெளிக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிற சமாசாரம் இங்கே கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து, கொடியில் காய்கிற துணியை நனைத்துவிட்டுப் போகும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரியவரிடம் போய், "நம்ம கணக்கையெல்லாம் மேகத்துக்கு மாத்திடலாம்" என்றால் என்ன ஆகும்?

அந்தப் பஞ்சாயத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

*

கூப்பிட்டவன் என் கல்லூரி சிநேகிதன். ஒண்டிக்கடைப் பக்கம் அவர்களுக்கு ஒரு காபித்தூள் கடை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்னொன்று. கொஞ்சம் சொந்தத் தோட்டம். அதுபோக, சுற்றியுள்ள கிராமங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயிகளிடம் காபியும் மிளகும் கொள்முதல். அட்வான்ஸ் வாங்கினவர்கள், பாக்கி உள்ளவர்கள், பாதி மூட்டை போட்டுவிட்டு மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்றவர்கள், தோட்டத்து செக்ரோல், வாரக்கூலி, சேலம் கடை ஸ்டாக்... எல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள்.

"அப்பாகிட்ட நீ சொன்னா கேப்பார்டா. நான் சொன்னா தோட்டத்துக் குரங்கு சொன்ன மாதிரி பார்க்கிறார்" என்றான்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில், சாக்குப் பை மேல், சரஸ்வதி மாதிரி வீற்றிருந்தது. மரத்தின் வயதை வளையத்தில் எண்ணுவார்கள். இதன் வயதைப் பொட்டில் எண்ணலாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு சந்தனப் பொட்டு. பதினொன்று இருந்தது. விசிறி ஓடுகிற சத்தம் காபி அரைக்கிற மிஷினுக்குப் போட்டியாகக் கேட்டது.

பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. மங்கி குல்லா, அரைக்கை ஸ்வெட்டர், சட்டைப் பையில் ரெண்டு பேனா. ஃபில்டர் காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, இந்த மேகம் எங்க இருக்கு?"

"தரையிலதாங்க ஐயா. இன்னொருத்தரோட கம்ப்யூட்டர். நாம மாச வாடகைக்கு எடுத்துக்கறோம். அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2015-லயே சென்னை, புனே, மும்பைல இதுக்குக் கட்டடம் போட்டாச்சு. அமேசான் 2016-ல மும்பைக்கு வந்தாச்சு."

"சாஃப்ட்வேர் எல்லாம் அமெரிக்காக்காரன் பண்றதா?"

"தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஸோஹோ கம்பெனி ஆபீஸ் போட்டு உட்கார்ந்து எழுதறாங்க."

"குற்றாலத்துக்கிட்டயா? அப்ப அங்கயும் மேகம் உண்டு" என்றவர், உடனே சுதாரித்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். மேகம் சென்னைலன்னு சொன்னியே, அந்த ஊர்ல மழையே பெய்யாதே?"

"2015 டிசம்பர்ல பேஞ்சுதுங்களே!"

அந்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. அடையாறு கரை புரண்டு, விமான நிலையத்தை மூடி, டிசம்பர் 2-ம் தேதி 'தி ஹிந்து'வின் சென்னைப் பதிப்பே அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியவில்லை. தரைத்தளத்து ஆபீஸ்களில், இதே மாதிரி மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் கணக்கோடு சேர்த்து மெஷினையும் வெயிலில் காயப்போட்டார்கள். 

"மலை மேல வெள்ளம் வராது தம்பி."

"வெள்ளம் வராது. ரோடு போகுமே?"

பெரியவர் பேசவில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து உள்ளே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் ஏற்காடும் தப்பவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து, குப்பனூர் வழியில் போக்குவரத்து நின்றது. கீழேயிருந்து ரிப்பேர்காரர் மேலே வர முடியாது. மேலேயிருக்கிற கம்ப்யூட்டர் கீழே போக முடியாது.

"ரோடு போனா நெட்டும்தானே போகும்? அப்ப மேகத்துல இருக்கிற கணக்கை எப்படிப் பார்ப்பே?" என்றார் பெரியவர்.

நியாயமான கேள்வி. எழுபத்திரண்டு வயதில் கேட்ட இந்தக் கேள்வியை இருபத்தைந்து வயது சேல்ஸ்மேன்கள் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

*

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நின்றுபோவது. இன்னொன்று, தொலைந்துபோவது. பஸ் பிரேக்டவுன் ஆவது வேறு, பெட்டியைத் திருடன் கொண்டுபோவது வேறு.

நெட் போனால் க்ளவுட் கணக்கு நிற்கும், தொலையாது. ஃபைபர் ஒயரை ஒட்டவைத்ததும், விட்ட இடத்திலேயே இருக்கும். மேஜைக்கடியில் இருக்கிற மெஷின் நெட் இல்லாமல் ஓடும். ஆனால் ஹார்டு டிஸ்க் போனால், நின்றும் போகும், தொலைந்தும் போகும். எந்தக் கடைக்காரரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, 'க்ளவுட் நல்லதா, கெட்டதா?' என்பதல்ல. 'என் கடை எத்தனை மணி நேரம் நிற்கலாம்? எத்தனை நாள் கணக்குத் தொலையலாம்?' என்ற ரெண்டு கேள்விதான்.

"இவங்க கடை ரெண்டு நாள் நின்னதே, போன நவம்பர்ல" என்று சிநேகிதன் அப்பாவைப் பார்த்தான்.

பழம் பறிக்கிற உச்ச சீசன். இந்த மலையில் நவம்பரில் செர்ரி பழுக்க ஆரம்பித்தால் ஜனவரி, பிப்ரவரி வரை ஓயாது. பல்ப்பரில் தோல் உரித்து, கழுவி, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி... அந்த நேரம் பார்த்து வியாழக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் 'டிக், டிக், டிக்' என்று மூன்று முறை சொல்லிவிட்டு மௌனவிரதம் பூண்டது. சனிக்கிழமை பட்டுவாடா. வாசலில் நாற்பது பேர். யாருக்கு எவ்வளவு என்பது மெஷினுக்குள். மெஷின் சேலத்தில், ஒரு ரிப்பேர்காரரின் டேபிளில், குடல் தெரியப் படுத்திருந்தது.

"என்ன பண்ணீங்க ஐயா?"

"என்ன பண்றது? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தரா வரச் சொன்னேன். உனக்கு நாலு மூட்டை, போன மாசம் மூவாயிரம் வாங்கினே, பொண்ணு காது குத்துக்கு ஆயிரம்... அப்படியே சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை மெஷின் திரும்பி வந்து ஒத்துப் பார்த்தா ரெண்டே ரெண்டு பேர் கணக்குலதான் வித்தியாசம். அதுவும் ஐம்பது, நூறு."

சிநேகிதன் பெருமையாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை தம்பி. ஐயா சொன்னா சரின்னு வாங்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்த நூறு ரூபாக்காரன் மறுநாளும் வந்து கேட்கலை. நானாத்தான் கூப்பிட்டுக் குடுத்தேன். எனக்கு வயசு எழுபத்திரண்டு. பேரன் பேரே சில சமயம் வாய்ல மாறி வருது. இன்னும் எத்தனை சனிக்கிழமைக்கு இந்த மண்டை தாங்கும்?"

அறையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பதினோரு வருஷமாக இந்தக் கடைக்கு பேக்கப் எது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அலமாரியில் இருந்த பென் டிரைவ் இல்லை. மங்கி குல்லாவுக்குள் இருந்தது! பென் டிரைவை எடுத்து என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். கடைசியாகக் காப்பி எடுத்த தேதி, ஏழு மாதம் முந்தியது.

*

"சரி, மாத்திடலாம்னே வச்சுக்குவோம். என் கணக்கை இன்னொருத்தன் மெஷின்ல எப்படி நம்பி வைக்கிறது?" பெரியவர் அடுத்த ரவுண்டுக்குத் தயாரானார்.

"உங்க பார்ச்மென்ட் காபியை க்யூரிங் ஃபேக்டரிக்கு அனுப்பறீங்களே, அது உங்க மெஷினா?"

"நமக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மெஷினு? வருஷத்துல சில நாள்தானே வேலை? கூலி குடுத்தா முடிஞ்சுது."

"மூட்டை உங்களுது, மெஷின் அவங்களுது. எதை நம்பி அனுப்பறீங்க?"

"எடை போட்டு ரசீது வாங்குவேன். சாம்பிள் எடுத்து வச்சுக்குவேன். சரியில்லைன்னா அடுத்த தடவை வேற ஃபேக்டரி."

"இதுக்கும் அதேதாங்க. ரசீது, சாம்பிள், வேற ஃபேக்டரிக்குப் போற வழி. மூணும் இருந்தா போகலாம். இல்லேன்னா எவ்வளவு சீப்பா குடுத்தாலும் போகக்கூடாது."

பெரியவர் முதல் தடவையாக மகனைப் பார்த்து, "இப்படிச் சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றார்.

'சாம்பிள் எடுத்து வைப்பது' என்றால் என்ன? க்ளவுட்டில் இருந்தாலும் நம் கையில் ஒரு பிரதி. இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு வெளியூரிலிருந்து இரண்டு கதைகள்.

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஒரு பென்ஷன் ஃபண்டு. ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 2024 மே மாதம், கூகுள் க்ளவுட்டில் ஒரு செட்டிங் தவறாகப் பதிவாகியிருந்ததால் அவர்களுடைய க்ளவுட் கணக்கே அழிந்தது. இரண்டு ஊர்களில் பிரதி இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் ஜோடியாகப் போயின. வேறொரு கம்பெனியிடம் தனியாக வைத்திருந்த பேக்கப்தான் காப்பாற்றியது.

தென்கொரியாவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 செப்டம்பர் 26-ல் டேஜான் நகரில் அரசாங்க டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த 'ஜி டிரைவ்' முழுசாக எரிந்தது. 858 டெராபைட். அளவு ரொம்பப் பெரிசு என்று வேறிடத்தில் பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். 

நம் ஊரில்? 2024 ஜூலை கடைசியில், சின்ன வங்கிகளுக்கு மென்பொருள் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் கம்பெனிக்குள் ரான்சம்வேர் புகுந்தது. மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க அதைப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து துண்டித்து வைத்தார்கள். கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என்று ஏறக்குறைய 300 வங்கிகள் ஒரே நேரத்தில் தவித்தன. ஒரே குடைக்குள் நிறைய பேர் நின்றால், குடை சாயும்போது எல்லோரும் நனைவார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மறுநாளே இணைப்பு திரும்பிவிட்டது. ஒரு சின்ன வங்கி தன் மூலையறை சர்வரை வைத்துக்கொண்டு தனியாக மாட்டியிருந்தால் அத்தனை வேகமாக மீண்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

*

பணம்? எல்லா வீட்டிலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். பெரியவர் பேனாவை எடுத்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாங்கள் போட்ட கணக்கு இது. எண்கள் எங்கள் மதிப்பு. உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது மெஷின் வாங்கினால் 90,000. யு.பி.எஸ்., பேட்டரி 20,000. ரிப்பேர்காரருக்கு வருஷம் 12,000; ஐந்து வருஷத்துக்கு 60,000. சாஃப்ட்வேர் புதுப்பிப்பு வருஷம் 8,000 வீதம் 40,000. ஆக 2,10,000.

க்ளவுட் என்றால் மூன்று பேருக்கு, ஆளுக்கு மாசம் 1,200. மாசம் 3,600, வருஷம் 43,200, ஐந்து வருஷத்துக்கு 2,16,000.

"ஆறாயிரம்தான் வித்தியாசம்!" என்றார் பெரியவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஜெயித்தது யார் என்று தெரியாத கிரிக்கெட் மேட்ச் மாதிரி.

சின்ன வியாபாரத்தில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆள் கூடினால் வாடகை கூடும். பெரிய கம்பெனிகளே இந்தக் கணக்குப் போட்டு இறங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி, 'க்ளவுட் வாடகை கட்டுப்படியாகவில்லை' என்று 2022-ல் அறிவித்துவிட்டு, 2023-ல் சொந்த மெஷின்களுக்குத் திரும்பியது. அவர்களிடம் மெஷினைப் பார்த்துக்கொள்ள எஞ்சினியர்கள் இருந்தார்கள். நம் பெரியவரிடம் இருப்பது ஒரு சந்தனக் கிண்ணம்.

மலைப்பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்று எந்த டிரைவரும் சொல்வார். ஏறும்போதே இறங்குகிற வழியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 'என் கணக்கை முழுசாக எக்ஸெல்லில் இறக்கித் தருவாயா? வாடகை நிறுத்தினால் எத்தனை நாள் வைத்திருப்பாய்?' இந்த ரெண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். 

*

பணம் முடிவு செய்யாவிட்டால் எது முடிவு செய்யும்? காலம்தான். 'போகலாமா' என்பதைவிட 'எப்போது' என்பதுதான் கஷ்டமான கேள்வி.

நேரம் வந்துவிட்டது என்பதற்கு நாலு அடையாளம் சொல்லலாம். ஒன்று, பழைய மெஷினை எப்படியும் மாற்றியாக வேண்டிய வயது. (பதினோரு பொட்டு!) இரண்டு, கடை ரெண்டு ஊரில் ஆகிவிட்டது. இங்கே செவ்வாய்ப்பேட்டைக் கடைப் பையன் தினமும் ராத்திரி பில் புத்தகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். மேலே குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதை மறுபடி டைப் அடிக்கிறார். ஒரு வேலைக்கு ரெண்டு சம்பளம். மூன்று, நெட் இல்லாமல் ஏற்கெனவே பிழைப்பு நடக்காத நிலைமை. பெங்களூருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் காபித்தூள் போக வேண்டுமென்றால் இ-வே பில் வேண்டும். அதை அரசாங்க வெப்சைட்டில்தான் எடுத்தாக வேண்டும். 'நெட் போனா என்ன பண்றது' என்ற கேள்வி பாதி ஏற்கெனவே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. நாலு, எல்லாம் தெரிந்த ஒரே ஒருவரை நம்பிக் கடை ஓடுவது.

நாலில் ஒன்றுகூட இல்லையா? பேசாமல் இருங்கள். தினமும் ஒழுங்காக பேக்கப் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் மாற்றினார் என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. 

இங்கே நாலும் இருந்தது. "அப்ப நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?" என்று சிநேகிதன் எழுந்தான்.

"உட்காருடா!" என்றார் பெரியவர். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். அதற்கப்புறம் நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அறுவடை பார்த்த மனிதருக்குக் காலம் பார்க்கச் சொல்லித்தர வேண்டுமா?

"நவம்பர்லேர்ந்து பிப்ரவரி செர்ரி. அப்ப கணக்குல கை வைக்கக் கூடாது. அதை ஒட்டியே மிளகு. மார்ச் வருஷக் கடைசி, ஆடிட்டர் தொல்லை."

"ஏப்ரல் ஒண்ணு புது வருஷக் கணக்கு. அதுதான் சுத்தமான தேதின்னு சொல்லுவாங்க" என்றேன்.

"கீழ்நாட்டுக்காரனுக்குச் சுத்தம். இங்க ஏப்ரல், மே சீசன். கோடை விழாவுக்கு வர்ற கூட்டம் தூள் வாங்க வரிசையில நிக்கும்போது பில் மெஷின்ல புதுசா விளையாடக் கூடாது." பக்கத்தைத் திருப்பினார். "ஜூன்ல கூட்டம் குறையும். ஜூன் முழுக்க ரெண்டுலயும் எழுதலாம், பழசுலயும் புதுசுலயும். ஜூலை ஒண்ணாந்தேதி மாறலாம். காலாண்டு ஆரம்பம், வரிக் கணக்குக்கும் சரியா இருக்கும். தப்பு இருந்தா அக்டோபர் மழைக்குள்ள திருத்த மூணு மாசம் கையில இருக்கு. நவம்பர் பழத்துக்குள்ள பையனுங்களும் பழகிடுவாங்க."

"ஜூலை ஒண்ணா? அது ஜி.எஸ்.டி. பிறந்த நாளாச்சேப்பா!" என்றான் மகன். (2017-ல்.)

"அதையே தாங்கினோம்டா."

மீதியை நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்க வேண்டாம். முதலில் இரண்டு கடை பில்லும் ஸ்டாக்கும், அது சரியாக ஓடினால் கொள்முதல் பாக்கி, கடைசியில் செக்ரோல். ஃபைபர் ஒரு கம்பெனி என்றால், செல்போன் நெட் வேறு கம்பெனி. மோடத்துக்குத் தனியாகச் சின்ன யு.பி.எஸ். ரெண்டு நெட்டும் படுத்துவிட்டால் கையெழுத்து பில் புத்தகம், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். க்ளவுட் கணக்கு கடையின் பெயரில், கடையின் ஈமெயிலில் இருக்க வேண்டும். அமைத்துக் கொடுக்கிறவரின் சொந்த ஈமெயிலில் கூடாது. பாஸ்வேர்டு ரெண்டு பேரிடம். வாரா வாரம் சனிக்கிழமை முழுக் கணக்கையும் இறக்கி, ஒரு பிரதி ஏற்காட்டில், இன்னொன்று செவ்வாய்ப்பேட்டையில். ஃபெஞ்சல் மாதிரி இன்னொன்று வந்தால்கூட மலை, சேலம், மேகம் மூன்றும் ஒரே நாளில் போகாது. 

சோதனைக்காக இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, செவ்வாய்ப்பேட்டைப் பையனை ஒரு பில் போடச் சொன்னோம். அடுத்த சில வினாடிகளில் ஏற்காட்டுத் திரையில் 'பீபெரி அரை கிலோ' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார்.

"டேய், அரை கிலோ பீபெரி வித்தியே, சிக்கரி எத்தனை பர்சென்ட்டுன்னு கேட்டியா அவங்களை?"

முப்பது கிலோமீட்டருக்குக் கீழே அந்தப் பையன் திடுக்கிட்டு எழுந்து நின்றிருப்பான் என்பது நிச்சயம். அவனுக்கு இனிமேல் மேகத்தில் ஒரு முதலாளி!

*

ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு: மேகம் வேண்டுமென்றால் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். மலை உச்சி, குகைக்குள் சந்நிதி. சேலம் விளக்குகள் வேண்டுமென்றால் இருட்டியதும் லேடீஸ் சீட். காபி வேண்டுமென்றால் கடைவீதியில் கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள்.

ஆபீஸிலோ கடையிலோ கணக்கு பார்க்கிற இளைஞர்களுக்கு: திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக, கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். முதலாளியிடம் கேட்க வேண்டாம். பேக்கப் எடுக்கிறவரிடமும் கேட்க வேண்டாம். நீங்களே திறந்து, நேற்றைய பில் ஒன்றைத் தேடுங்கள். இருந்தால், க்ளவுட்டைப் பற்றி நிதானமாக யோசிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. வேலை குறைந்த மாதமாகப் பார்த்துத் தேதி குறிக்கலாம். இல்லையென்றால் க்ளவுட், சொந்த மெஷின் என்ற பேச்சே அப்புறம். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முழுப் பிரதி எடுத்து, வேறொரு கட்டடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.